குப்பை மேடு பொழிலான வரலாறு
(கெய்ரோ மாநகரின் அல்-அஸ்ஹர் பூங்காவைப் பற்றிய ஓர் ஆய்வு)

தோற்றுவாய்

நகரும் பொழிலும் ஒன்றையொன்று விட்டு நீங்குதல் தகாது என்பது நம் முன்னோர் கொள்கை. புகார் நகரைப் பாடப் புகுந்த காப்பியப் புலவர் மாடமும் மறுகும் கூறியதோடு அமையாது, உவவனத்தையும் உடன் கூறினர். மணிமேகலை மணிபல்லவத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டது அவ் வனத்திலிருந்தேயாம். பொழில் என்பது செல்வர்க்கு மட்டும் உரிய அணிகலன் அன்று. நகர மாந்தர் அனைவரும் மூச்சு வாங்கும் இடம் அது. இவ் வுண்மையை இற்றை நாள் நகர்கள் பல மறந்துவிட்டன. மறந்த நகரொன்று அதனை மீண்டும் நினைவு கூர்ந்த வரலாற்றை இக் கட்டுரையிற் காண்பாம்.

மக்கள் நெருங்கி வாழும் தொன்மையான நகர்ப்பகுதியொன்றிற் புதிதாகப் பொழில் அமைக்க முற்படுவோர் மூன்று வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். முதலாவது, இடம் எங்கே உளது என்பது. இரண்டாவது, அவ் விடத்திற் புதைந்து கிடக்கும் பழமையை யாது செய்வது என்பது. மூன்றாவது, அயலிலே தலைமுறை தலைமுறையாக வாழும் ஏழை மக்கள் யாதாவர் என்பது. முதல் இரண்டுக்கும் பொருளும் பொறியியலும் விடை கூறும். மூன்றாவதற்கு விடை கூற அவை போதா. எகிப்து நாட்டின் தலைநகராகிய கெய்ரோவில் உள்ள அல்-அஸ்ஹர் பூங்கா இம் மூன்று வினாக்களையும் ஒருங்கே எதிர்கொண்டது. ஆதலின், அதனை ஆய்வுப் பொருளாகக் கொண்டோம்.

நகரும் மதிலும்

இன்று நாம் கெய்ரோ என வழங்கும் பெயர் அல்-காஹிரா என்னும் அரபுச் சொல்லின் திரிபாகும். வெற்றி கொள்வது என்பது அதன் பொருள். வட ஆபிரிக்காவிலிருந்து படையெடுத்து வந்த பாத்திமிய மரபினரின் தளபதி ஜவ்ஹர் என்பான் கி.பி. 969ஆம் ஆண்டிலே நைல் ஆற்றின் கீழ்க்கரையில் இந் நகருக்குக் கால்கோள் செய்தான். மறு ஆண்டிலே அல்-அஸ்ஹர் பள்ளிவாசல் எழத் தொடங்கியது. பள்ளிவாசலோடு வளர்ந்த கல்விச்சாலை, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இஸ்லாமிய உலகின் தலைசிறந்த கலைக்கழகங்களுள் ஒன்றாக விளங்கி வருகின்றது. பூங்காவுக்குப் பெயர் கொடுத்ததும் அதுவே.

1171இற் பாத்திமியர் ஆட்சியை முடிவுறுத்திய சலாஹுத்தீன், 1176இல் நகருக்குத் தென்பாலுள்ள குன்றின்மேற் பெருங்கோட்டை ஒன்றை எழுப்பத் தொடங்கினான். சிலுவைப் போர் நிகழ்ந்த காலம் அது. எனவே, கோட்டையையும் நகரையும் ஒரே அரணுள் அடக்கும் பொருட்டு நகரின் கீழ்த்திசையிலே கல்மதில் ஒன்றும் எடுக்கப்பட்டது. அவன் மரபின் பெயரால் அது ஐயூபிய மதில் எனப்படும். மதிலின் உட்புறத்தே, அல்-அஸ்ஹருக்குத் தெற்காகக் கோட்டையை நோக்கிச் செல்லும் பகுதி தர்ப் அல்-அஹ்மர் என்னும் பெயருடையது. செந்தெரு என அதனைத் தமிழிற் கூறலாம். மம்லூக்கிய சுல்தான்கள் ஆண்ட காலத்தில் அமீர்களும் அரச மாதரும் இத் தெருவிலே பள்ளிவாசல்களையும் கல்விச்சாலைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பினர். 1344-45இல் எழுந்த அஸ்லம் அல்-சிலாஹ்தார் பள்ளிவாசலும், 1346-47இல் எழுந்த ஆக்சுன்குர் பள்ளிவாசலும், 1368-69இல் எழுந்த உம் அல்-சுல்தான் ஷஃபான் பள்ளிவாசலும் இன்றும் நிற்கின்றன.

மேடு வளர்ந்தமை

1348இற் கொள்ளைநோய் கெய்ரோவைத் தாக்கியது. அந் நோய் மீண்டும் மீண்டும் வந்து நகர மக்களை வாரிக்கொண்டு சென்றது. கிழக்கு நோக்கிய நகரின் வளர்ச்சி தடைப்பட்டது. மதிலுக்கு அப்பால் இருந்த வெற்றிடம் பயனற்றுக் கிடந்தது. பயனற்ற நிலத்துக்கு நகரம் அளிக்கும் பயன் ஒன்றே. இடிந்த வீடுகளின் கல்லும் மண்ணும், குயவர் ஒதுக்கிய ஓடும், தெருக் கூட்டிய குப்பையும் அங்கே கொட்டப்பட்டன. ஏறத்தாழ 500 ஆண்டுகள் இவ்வாறு கொட்டிய பொருள் மேடாகி, மேடு குன்றாகியது. தராசா மேடுகள் என அவற்றை மக்கள் வழங்கினர்.

மேடு வளர வளர, சலாஹுத்தீன் கட்டிய மதில் அதனுள் மூழ்கியது. பகைவரைத் தடுக்க எழுந்த மதில், தன் நகரத்தார் கொட்டிய குப்பையாலேயே மறைக்கப்பட்டது. மேட்டுக்கு மேற்கே செந்தெருவின் நெருக்கம். கிழக்கே கல்லறை நகரம் எனப் பெயர் பெற்ற மம்லூக்கியர் அடக்கத்தலங்கள். இரண்டுக்கும் இடையே 30 ஹெக்டேயர், அதாவது 74 ஏக்கர் அளவினதான நிலம், மரமும் நீருமின்றிப் புழுதி பறக்கும் பாழாகக் கிடந்தது.

ஈழத்தோடு உள்ள தொடர்பு

இத்துணைத் தொலைவிலுள்ள நகரொன்றை நாம் ஆராய்வதற்குக் காரணம் என்னை எனச் சிலர் வினவக்கூடும். கெய்ரோ நமக்கு முற்றும் அயலான நகரன்று. 1283இல் யாப்பகூவையிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு மன்னன், மம்லூக்கிய சுல்தான் கலாவூனிடம் தூதுக்குழு ஒன்றை அனுப்பினான். முத்தும் மணியும் கறுவாவும் விளையும் தன் நாட்டோடு நேரே வாணிகம் செய்ய வருமாறு அவன் அழைத்தான் என்பது வரலாறு. அத் தூதுவர் சென்றடைந்தது இம் மதில் சூழ்ந்த நகரையே ஆம்.

ஆறு நூற்றாண்டு கழிந்தபின் வேறொரு பயணம் எதிர்த்திசையில் நிகழ்ந்தது. அல்-அஸ்ஹரிற் பயின்றவரும், எகிப்து எகிப்தியருக்கே உரியது என முழங்கிப் படையை எழுப்பியவருமான அஹமது ஒராபி பாஷா, 1882இற் பிரித்தானியப் படையிடம் தோற்று நாடு கடத்தப்பட்டார். 1883 ஜனவரியில் அவர் இலங்கையை வந்தடைந்தார். கொழும்பிலும் கண்டியிலுமாக வாழ்ந்து, 1901இலேயே தாயகம் திரும்பினார். அவர் எழுச்சிக்குக் காரணமாயிருந்த நிகழ்ச்சிகளுக்கும் நகரப் பூங்காக்களின் வரலாற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதனை அடுத்துக் கூறுவாம்.

முன்னைய பூங்கா ஒன்று

எகிப்தை ஆண்ட இஸ்மாயில் 1867இற் பாரிஸ் மாநகரிலே நிகழ்ந்த உலகப் பொருட்காட்சிக்குச் சென்றான். மூன்றாம் நெப்போலியன் காலத்திற் புதுக்கப்பட்ட அந் நகரின் அகன்ற வீதிகளும் பூங்காக்களும் அவன் உள்ளத்தைக் கவர்ந்தன. கெய்ரோவையும் பாரிஸைப் போல் ஆக்க விழைந்து, பாரிஸ் பூங்காக்களை அமைத்த பரீயே-தெஷாம் என்னும் வல்லுநரையே வரவழைத்தான். பழைய நகருக்கு மேற்கே, ஒருகாலத்தில் நைல் வெள்ளத்தால் நிறையும் ஏரியாயிருந்த எஸ்பெக்கியா என்னும் இடத்தில், செயற்கைக் குளமும் வளைந்த நடைபாதையும் கொண்ட பூங்கா எழுந்தது.

அழகில் அது குறைவுடையதன்று. ஆயினும் அது யாருக்காக எழுந்தது? சுயஸ் கால்வாய்த் திறப்புக்கு வரும் ஐரோப்பிய அரசர் முன்னிலையில் நாணாதிருக்கவே புதிய நகர் முழுவதும் திட்டமிடப்பட்டது. பழைய நகரமோ கைவிடப்பட்டது. புதுமைக்கென வாங்கிய கடன் பெருகியது. 1875இற் கால்வாய்ப் பங்குகள் பிரித்தானியாவுக்கு விற்கப்பட்டன. அயல்நாட்டார் கணக்குப் பார்க்க வந்தனர். பின்னர் ஆளவும் வந்தனர். ஒராபியின் எழுச்சி அக் கடன்சுமையின் நடுவே தோன்றியதாகும். எஸ்பெக்கியாப் பூங்காவும் நெடுங்காலம் முழுமையாக நிலைக்கவில்லை. பின்னாளிலே வீதியொன்று அதனை ஊடறுத்துச் சென்றது. கட்டிடங்கள் அதன் ஓரங்களை உண்டன.

பூங்கா ஒன்று காட்சிப் பொருளாகவும் அமையலாம். வாழ்க்கைப் பொருளாகவும் அமையலாம். பிறர்க்குக் காட்டுவதற்கென எழுந்த பூங்காவைக் காக்க, அயலிலுள்ளோர் முன்வருவதில்லை. இவ் வேறுபாட்டை மனத்திற் கொண்டு, அல்-அஸ்ஹர் பூங்காவுக்குத் திரும்புவாம்.

கொடையும் தடையும்

1984இற் கெய்ரோவில், பெருகிவரும் அந் நகரின் வளர்ச்சியைப் பற்றி அறிஞர் கூடி ஆராய்ந்தனர். அக் கூட்டத்தை ஒட்டி, இஸ்மாயிலிய முஸ்லிம்களின் இமாமாகிய நாலாம் ஆகா கான், நகர மக்களுக்குப் பூங்கா ஒன்றை நன்கொடையாக அளிக்கப் போவதாக அறிவித்தார். கெய்ரோவை நிறுவிய பாத்திமியக் கலீபாக்களின் வழித்தோன்றலாகத் தம்மைக் கொள்வது அவர் மரபு. எனவே, முன்னோர் நிறுவிய நகருக்குப் பின்னோர் செய்யும் கடனாக அக் கொடை அமைந்தது. (அவர் 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் மறைந்தார்.)

பூங்காவுக்கு இடம் தேடியபொழுது நெருக்கமிக்க அந் நகரிலே எஞ்சியிருந்த பெருவெளி தராசாக் குப்பை மேடு ஒன்றே. ஒருவரும் விரும்பாத நிலமாதலின் அது கிடைத்தது. ஆயின் உடனே பணி தொடங்குதல் இயலவில்லை. நகரின் குடிநீர் விநியோகத்துக்காக அம் மேட்டின்மேல் மூன்று பெருந்தொட்டிகள் அமைக்கத் திட்டமிடப்பட்டிருந்தது. ஒவ்வொன்றும் 80 மீற்றர் விட்டமும் 14 மீற்றர் ஆழமும் உடையது. அவை கட்டி முடியும்வரை பூங்காப் பணி பல ஆண்டுகள் காத்துக் கிடந்தது. முடிந்தபின், அத் தொட்டிகளைப் பூங்காவின் நிலவமைப்பினுள்ளே மறைத்து, அவற்றின் மேலும் அயலிலும் தோட்டம் அமைக்கும் வகையில் வரைபடம் திருத்தப்பட்டது. இன்று அங்கு உலாவுவோர் பலர் தம் காலடியிலே நகரின் குடிநீர் நிற்பதை அறியார்.

மண்ணைத் திருத்திய முறை

500 ஆண்டுக் குப்பையின்மேல் மரம் நடுதல் எளிதன்று. இதனை நம் மாணவர் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். இடிபாட்டு மண்ணிலே உப்பு மிகுந்திருந்தது. உப்பு மிக்க மண்ணில் நீர் இருந்தும் வேர் அதனை உறிஞ்சமாட்டாது. மேலும், இறுகாத மேட்டிலே பாய்ச்சிய நீர் உள்ளே இறங்கினால், மண் அமிழ்ந்து சரியும். அடியிலுள்ள உப்பும் கரைந்து மேலேறும். எனவே முதலில் நிலத்தை வெட்டியும் நிரப்பியும் உருவாக்கினர். 15 இலட்சம் கன மீற்றருக்கு மேற்பட்ட மண்ணும் இடிபாடும் இடம் பெயர்க்கப்பட்டன. அதற்கு 80,000 லொறிச் சுமைகள் வேண்டியிருந்தன என்பர்.

பின்னர், நீர் கீழிறங்காது தடுக்கும் களிமண் படை பரப்பப்பட்டது. அதன் மேல் மணலும் நன்மண்ணும் கலந்த வளப்படை இடப்பட்டது. வறட்சியையும் உப்பையும் தாங்கும் செடி வகைகளைத் தெரிந்தெடுத்து, நாற்றுமேடைகளில் வளர்த்து, பின்னர் நட்டனர். சரிவுகளில் வேரால் மண்ணைப் பற்றி நிற்கும் வறள்நிலச் செடிகளும், சமதளத்தில் நிழல் தரும் மரங்களும், பள்ளத்தில் நீர் விரும்பும் இனங்களும் என இடத்துக்கேற்ப வகுத்தனர். மழை மிக அரிதாகப் பெய்யும் அந் நாட்டிலே பாய்ச்சும் ஒவ்வொரு துளியும் நைல் ஆற்றிலிருந்தே வரவேண்டும். ஆதலின், நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் முறையிற் குழாய்ப் பாசனம் அமைக்கப்பட்டது.

கிணற்று நீர் ஒன்றையே நம்பி, நீரின் உவர்த்தன்மைக்கு அஞ்சிப் பயிர் செய்யும் யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு இச் செய்தியின் அருமை விளங்காமற் போகாது.

பூங்காவின் அமைப்பு

நிலவமைப்பை வகுத்தவர் எகிப்தியராகிய மாஹெர் ஸ்தீனோ, லைலா எல்-மஸ்ரி ஸ்தீனோ ஆகியோர். பூங்காவின் முதுகெலும்பு போல நீண்ட நடைபாதை ஒன்று செல்கின்றது. அதன் இருமருங்கும் பனையினத்தைச் சேர்ந்த உயர்ந்த மரங்கள் வரிசையாக நிற்கின்றன. நடுவே சிறுவாய்க்கால்களும் நீரூற்றுக்களும் உள. இஸ்லாமியத் தோட்டக்கலையிலே நீர் நடுநாயகமாக விளங்குவது. பாலைநிலத்து மக்கள் சுவர்க்கத்தையே ஆறுகள் ஓடும் தோட்டமாகக் கண்டனர். அம் மரபு தழுவியே இவ் வாய்க்கால்கள் அமைந்தன. நேர்கோட்டில் அமைந்த இப் பகுதியை விட்டு விலகினால், வளைந்த பாதைகளும் புற்சரிவுகளும் பழத்தோட்டமும் ஏரியும் காணப்படும்.

வட பாலுள்ள மேட்டின்மேல் உணவகம் ஒன்று உளது. ராமி எல்-தஹான், சுஹைர் பரீத் என்னும் கட்டிடக் கலைஞர் அதனைப் பழைய கெய்ரோவின் கட்டிட மரபைத் தழுவி அமைத்தனர். ஏரியோரத்திலுள்ள சிற்றுண்டிச்சாலை பிரெஞ்சுக்காரராகிய செர்ஜ் சாந்தெல்லியின் ஆக்கம். நடைபாதையின் வழியே நோக்கினால், கோட்டையும் அதன் மேலுள்ள முகம்மது அலி பள்ளிவாசலின் கூர்ங்கோபுரங்களும் எதிரே தோன்றும். மேற்கே திரும்பினால், செந்தெருவின் கூரைகளும் அவற்றினூடே எழும் மினாராக்களும் தோன்றும். தெருவில் நிற்போர் தம் தெருவையன்றி வேறொன்றையும் காணார். மேட்டில் நிற்போர் நகரம் முழுவதையும் ஒருங்கே காண்பர். தாம் வாழும் நகர் இத்துணை அழகுடையது என்பதை அந் நகரத்தார் பலர் முதன்முதற் கண்டது இக் குப்பை மேட்டின் மேலிருந்தே ஆகலாம்.

மூன்று கோடி அமெரிக்க டொலருக்கு மேற் செலவான இப் பூங்கா 2005ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. அறிவித்த நாளிலிருந்து திறந்த நாள்வரை 20 ஆண்டுகள் கழிந்தன.

மதில் வெளிப்பட்டமை

மண்ணை அகழ்ந்தபொழுது மேட்டின் மேற்கு விளிம்பிலே ஐயூபிய மதில் வெளிப்பட்டது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் நீளத்துக்குக் கொத்தளங்களும் வாயில்களும் அம்பெய்யும் துளைகளும் உட்புறப் படிக்கட்டுக்களும் மண்ணிலிருந்து எழுந்தன. எந்தக் குப்பை அதனை மறைத்ததோ, அந்தக் குப்பையே அதன் ஒரு பகுதியைக் காத்தும் இருந்தது. மண்ணுக்கு வெளியே நின்றிருப்பின், அதன் கல் முழுவதும் வீடு கட்டுவோரால் எடுத்துச் செல்லப்பட்டிருக்கும்.

பூங்காவை மட்டும் கருதியிருப்பின் மதிலின் அடியை அகழாது விட்டிருக்கலாம். அவ்வாறின்றி, பூங்காவின் விளிம்பைச் சரிவாக இறக்கி, மதில் முழுமையாகத் தோன்றுமாறு செய்தனர். சிதைந்த கல்லை எவ்வளவுக்குப் புதுக்குவது என்பது தொல்பொருட் கலையிலே கடினமான வினா. முற்றும் புதுக்கினாற் பழமை மறையும். விட்டுவிட்டாற் சுவர் விழும். வலுவற்ற இடத்தை வலுப்படுத்தி, இயன்ற அளவு பழைய கல்லைப் பழைய கல்லாகவே விடுதல் என்னும் நடுவழி மேற்கொள்ளப்பட்டது.

செந்தெருவின் மக்கள்

இனி மூன்றாம் வினாவுக்கு வருவாம். மதிலின் உட்புறத்தே அதனை ஒட்டியும், சிலவிடங்களில் அதன்மேற் சாய்ந்தும் வீடுகள் இருந்தன. தச்சர், கல்லோவியர், தோற்றொழிலாளர், கூடாரத் துணியில் ஒட்டுத்தையல் செய்வோர் எனப் பல்வகைக் கைத்தொழிலாளர் அங்கே வாழ்ந்தனர். வீடுகள் சிதைந்தவை, வடிகால் குறைந்தவை. பழஞ்சின்னத்தின் அருகே வீடு இருத்தல் ஆகாது என்பது முன்னைய திட்டங்களின் கருத்து. அதன்படி மதிலோரத்து வீடுகளை இடித்து வெளியாக்குதலே முறையெனக் கொள்ளப்பட்டிருந்தது.

உலகின் நகரங்கள் பலவற்றிற் பூங்கா எழுந்த வரலாறு இத்தகையதே. நியூயோர்க் நகரின் புகழ்பெற்ற மத்திய பூங்கா எழுமுன், அங்கே செனெகாக் கிராமம் என்னும் ஊர் இருந்தது. சொந்தமாக நிலம் வாங்கித் தேவாலயமும் பாடசாலையும் அமைத்து வாழ்ந்த கறுப்பின மக்களே அங்கு மிக்கிருந்தனர். 1857இல் அவர்கள் அகற்றப்பட்டனர். புல்வெளி எஞ்சியது, ஊரின் நினைவு நெடுங்காலம் மறைந்தது.

கெய்ரோவில் வேறு வழி தெரிந்தெடுக்கப்பட்டது. மதிலோரத்து வீடுகள் மதிலின் வரலாற்றில் ஒரு பகுதியே எனவும், மக்களை அகற்றினால் எஞ்சுவது கற்குவியலே எனவும் பணியாளர் வாதிட்டனர். ஆகா கான் பண்பாட்டு நிதியம் பூங்காவோடு நில்லாது செந்தெருவிலும் பணி புரிந்தது. வீடுகள் பல, குடியிருப்போர் அங்கேயே இருக்கத் திருத்தப்பட்டன. அதற்கெனவும் சிறுதொழிலுக்கெனவும் சிறுகடன் வழங்கப்பட்டது. மருத்துவ வசதியும் தொழிற்பயிற்சியும் ஏற்பட்டன. மதிலையும் பள்ளிவாசல்களையும் திருத்தும் பணியிலே அத் தெரு இளைஞரே கல்வேலையும் தச்சுவேலையும் பயின்று ஊதியம் பெற்றனர். உம் அல்-சுல்தான் ஷஃபான் பள்ளிவாசலும், கைர்பெக் என்பான் எழுப்பிய கட்டிடத் தொகுதியும், அஸ்லம் பள்ளிவாசலும் அவ்வாறு புத்துயிர் பெற்றன. நீலநிற ஓடுகளால் அழகு பெற்ற ஆக்சுன்குர் பள்ளிவாசல் 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது.

தன் கையாற் செதுக்கிய கல்லை ஒருவன் தானே உடைக்கமாட்டான். காவலாளர் நூற்றுவரை நிறுத்தியும் கிடையாத பாதுகாப்பு இதனாற் கிடைக்கின்றது.

வேலியும் கட்டணமும்

நன்மை கூறிய நாம் குறை கூறாது விடுதல் நடுநிலை ஆகாது. பூங்காவுக்கு வேலி உண்டு, வாயில் உண்டு, நுழைவுச்சீட்டும் உண்டு. சீட்டின் விலை பெரிதன்றாயினும், பிள்ளைகள் பலரையுடைய கைத்தொழிலாளனுக்கு அது சிறிதுமன்று. குப்பை மேடாயிருந்த காலத்தில் அயற்சிறுவர் கட்டணமின்றி அங்கே பட்டம் விட்டிருப்பர். பொழிலானபின் வாயிலில் நிற்கவேண்டியதாயிற்று என்று ஒருவர் கூறின், அதனை நாம் முற்றும் மறுத்தல் இயலாது.

ஆயின் மற்றைப் பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். பாலைநிலத்திற் பூங்கா ஒன்றை ஒரு கோடை கவனியாது விட்டால், அது மீண்டும் பாலையாகும். தோட்டக்காரர் ஊதியமும் நீர்ச்செலவும் நாள்தோறும் வேண்டும். அரசின் கருவூலத்தை நம்பியிருந்த பூங்காக்கள் பல அந் நாட்டிலேயே வாடியதுண்டு. எனவே, நுழைவுக் கட்டணத்தாலும் உணவகங்களின் வருவாயாலும் தன் செலவைத் தானே தாங்கும் வகையில் இப் பூங்கா திட்டமிடப்பட்டது. ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வருவதால் அது இயல்வதாயிற்று. அவருட் பெரும்பாலோர் அயல்நாட்டுப் பயணிகள் அல்லர், நகரத்துக் குடும்பத்தினரேயாவர்.

நம் கருத்து யாதெனின், பொழிலைக் காக்கக் கட்டணம் வேண்டுமாயின் அக் கட்டணம் அயலாரை விலக்காதவாறு அமைதல் வேண்டும் என்பதே. மதிலைத் திருத்திய கை அம் மதிலுக்கு அப்பாலுள்ள புல்லிற் கூச்சமின்றி அமரும் நாளே பணி நிறைவுறும் நாள்.

மற்றொரு கவலையும் உண்டு. பூங்கா தனித்து நிற்பதன்று. சூழல் அழியின் அதன் பொருளும் அழியும். 2020இல், பூங்காவுக்குக் கிழக்கே பரந்துள்ள கல்லறை நகரின் ஒரு பகுதியிற் பெருஞ்சாலை அமைக்கும் பொருட்டுப் பழைய அடக்கத்தலங்கள் சில இடிக்கப்பட்டன. 1979இல் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பழைய கெய்ரோவுக்கு அண்மையிலேயே இது நிகழ்ந்தது. ஒருபுறம் மதிலைத் தோண்டி எடுப்பதும், மறுபுறம் கல்லறையை இடித்துத் தள்ளுவதும் ஒரே நகரில் நிகழ்கின்றன. பழமையைக் காத்தல் ஒருமுறை செய்து முடிக்கும் செயலன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படும். முதலாவது, பயனற்றது என ஊரார் ஒதுக்கிய நிலமே ஊரைக் காக்கும் நிலமாகக்கூடும். நம் நகரங்களிலும் தூர்ந்த குளங்களும், குப்பை கொட்டும் தாழ்நிலங்களும், போரினாற் பாழடைந்த வெளிகளும் உள. அவற்றைக் காணுங்கால், இவை எதற்கும் உதவா என முடிவு செய்தல் அவசரமாகும்.

இரண்டாவது, நற்பணி காலம் வேண்டுவது. விழாவுக்காக விரைந்து நட்ட மரம் விழா முடிந்தபின் நீரின்றி வாடும். மண்ணை அறிந்து, உப்பை அளந்து, படைபடையாகப் பரப்பி, 20 ஆண்டு பொறுத்து நட்ட மரமே நிழல் தருகின்றது. விழா மலர் ஒன்றில் எழுதும் நாம் இதனைக் கூறுதல் பொருத்தமேயாம். கல்லூரி ஒன்று பல்லாண்டு நிலைபெறுவதும் இவ்வாறே.

மூன்றாவது, எல்லாவற்றினும் தலையாயது. அழகுக்காக மனிதரை அகற்றுதல் எளிது. மனிதரை வைத்துக்கொண்டு அழகு செய்தல் அரிது. எளியதைச் செய்த நகரங்கள் பல உண்டு. அரியதைச் செய்ய முயன்றமையாலேயே கெய்ரோவின் இப் பூங்கா ஆராயத் தக்கதாயிற்று. முயற்சி முழுவெற்றி பெற்றது என நாம் கூறவில்லை. வழி சரியானது என்றே கூறுகின்றோம்.

நம் மாணவருட் சிலர் நாளை பொறியியலாளராவர். சிலர் நகர சபைகளில் அமர்வர். சிலர் கடல் கடந்து சென்று பொருள் ஈட்டிப் பிறந்த ஊருக்கு ஏதேனும் செய்ய விழைவர். அன்று வரைபடம் ஒன்று அவர்தம் மேசைமேல் விரிக்கப்படும். அதிலே மரங்கள் பச்சை நிறத்தில் தீட்டப்பட்டிருக்கும். வீடுகள் வெறுங்கோடுகளாக இருக்கும். அக் கோடுகளுள் யார் வாழ்கின்றனர் என முதலில் வினவுவாராயின், அவர் கற்ற கல்வி பயனுடையதாகும்.